மலை உச்சிக்கு அப்புறம்

சேலத்துக்காரர்களில் பாதிப் பேர் ‘மந்திரி குமாரி’யைப் பார்க்காமலேயே பார்த்தவர்கள். நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன். நம்ம ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம், கருணாநிதி வசனம், எம்.ஜி.ஆர். கதாநாயகன், கடைசியில் ஒரு பெண் மலை உச்சியில் புருசனைத் தள்ளிவிடுவாள், அதற்கு முன்னால் ‘வாராய் நீ வாராய்’ பாட்டு. பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்பே இவ்வளவும் எனக்குத் தெரியும். முழுப்படத்தையும் உட்கார்ந்து பார்த்தது போன மழைக்காலத்தில்தான், சித்தி வீட்டு டிவியில். பார்த்த அன்றிலிருந்து ஒரு எரிச்சல் போக மாட்டேன் என்கிறது. படத்தின் மேல் எரிச்சலா, எனக்குக் கதை சொன்னவர்கள் மேல் எரிச்சலா என்றுகூடப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. படம் வெளிவந்தது 1950 ஜூனில். அதனால் முடிவைச் சொல்லிவிட்டீர்களே என்று யாரும் சண்டைக்கு வர மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எனக்குக் கதை சொன்னது அம்மாயி, அம்மாவைப் பெற்றவள். மத்தியான நேரத்தில் வீட்டு முன்திண்ணையில் உட்கார்ந்து வெள்ளிக் கொலுசுக்கு வளையம் கோக்கும். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேரும் ஆளுக்கொரு தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கை வேலை பார்க்கும், வாய் கதை சொல்லும். அம்மாயி சொன்ன ‘மந்திரி குமாரி’யில் எம்.ஜி.ஆர். வரவே மாட்டார். ராஜகுருவின் மகன் ஒருத்தன், பெயர் பார்த்திபன், பகலில் பெரிய மனுசன், ராத்திரியில் கொள்ளைக்காரன். மந்திரி மகள் அமுதவல்லி அவனை நம்பிக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அவளால் தன் வேலைக்கு இடைஞ்சல் என்று தெரிந்ததும், மலைக்குப் போய் வரலாம் வா என்று ஆசையாகக் கூப்பிட்டுக்கொண்டு போகிறான். உச்சிக்குப் போனதும், உன்னைக் கொல்லத்தான் கூட்டி வந்தேன் என்கிறான். அவள் அழவில்லை. ‘சாகறதுக்கு முன்னால ஒரே ஒரு ஆசை, உங்களை மூணு தடவை சுத்திக் கும்பிட்டுக்கறேன்’ என்கிறாள். இந்த இடம் வந்ததும் அம்மாயி கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்துவிடும். ‘ஒண்ணு... ரெண்டு...’ என்று நிறுத்தும். நாங்கள் ‘மூணு’ என்று கத்துவோம். ‘தள்ளி உட்டுட்டா பாரு’ என்று சொல்லிவிட்டு மறுபடி குறட்டை எடுக்கும். அவ்வளவுதான் கதை.

அப்பா வழியில் ஆண்கள் சொல்லும் ‘மந்திரி குமாரி’ வேறு மாதிரி. அவர்களுக்குப் பாறைதான் முக்கியம். ஏற்காடு ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் யாராவது ஒரு சித்தப்பா, ‘அந்தப் பாட்டு இங்கதான் எடுத்தது’ என்று ஆரம்பித்துவிடுவார். ஒருவர் பகோடா பாயிண்ட் என்பார், இன்னொருவர் லேடீஸ் சீட்டுக்குக் கீழே என்பார், மூன்றாமவர் சேர்வராயன் கோயில் பக்கம் கையைக் காட்டுவார். ஒவ்வொருவரிடமும் ஒரு பாறை இருந்தது. அமுதவல்லிக்கு அப்புறம் என்ன ஆனது என்பதைப் பற்றி யாரிடமும் ஒன்றும் இருக்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதற்கு அப்புறம் என்ன ஆகும், ஊருக்குத் திரும்பி வந்து நன்றாக இருந்திருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

சித்தி வீட்டில் பார்த்தது

சித்திக்குப் பழைய படம் என்றால் உயிர். போனில் இருப்பதை டிவியில் போடத் தெரிந்ததிலிருந்து ராத்திரி ஒரு படம் பார்க்காமல் தூங்குவதில்லை. அன்றைக்கு மழை. வெளியே போய்த் தட்டுவடை செட் சாப்பிடும் திட்டம் கெட்டுப்போனது. ‘சரி, நீ இன்னும் மந்திரி குமாரி பாக்கலையாமே, வா கண்ணு’ என்று உட்கார வைத்துவிட்டார். தேய்ந்துபோன பிரதி. வெள்ளைக் கோடுகள் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. அங்கங்கே வசனம் வெட்டுப்பட்டு அடுத்த காட்சிக்குத் தாவுகிறது.

முதல் ஒரு மணி நேரம் எனக்குச் சின்னச் சின்ன ஆச்சரியங்கள்தான். எம்.ஜி.ஆர். தளபதி வீரமோகனாக வந்து நன்றாக வாள் வீசுகிறார். ஆனால் படம் அவர் படமே இல்லை. ‘ராஜகுமாரி’யில் கதாநாயகனாகி மூன்று வருடம்தான் ஆகியிருந்த ஆள். அவரைச் சுற்றியே எல்லாம் நடக்க வேண்டும் என்ற நிர்பந்தம் அப்போது யாருக்கும் இல்லை. கதையை இழுத்துக்கொண்டு போவது பார்த்திபனாக வரும் எஸ்.ஏ. நடராஜன். கொள்ளையடிப்பதை ஒரு கலை என்று அப்பனிடம் வாதாடும் இடத்தில், இந்த ஆள் சொல்வது தப்பு என்று தெரிந்தும் காது அவர் பக்கம் போகிறது. அந்த அப்பன் ராஜகுரு யாரென்று உற்றுப் பார்த்தால் நம்பியார்! படம் வந்தபோது அவருக்கு 31 வயது. வளர்ந்த மகனுக்கு அப்பாவாக, தாடியும் முறைப்புமாக நிற்கிறார். சித்தி நம்பியார் வரும்போதெல்லாம் ‘பாவி’ என்று பாசத்தோடு திட்டிக்கொண்டே இருந்தார்.

இயக்கம் என்று இரண்டு பேர் வருகிறது: எல்லிஸ் ஆர். டங்கன், டி.ஆர். சுந்தரம். டங்கன் அமெரிக்கர். எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த ‘சகுந்தலை’யும் ‘மீரா’வும் அவர் எடுத்தவைதான். இந்தப் படம் முடிவதற்குள் ஊருக்குக் கிளம்பிவிட, மிச்சத்தை மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி சுந்தரமே எடுத்து முடித்தார். எந்த இடத்தில் ஒருவர் கை விட்டு இன்னொருவர் பிடித்தார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிடிபடவில்லை. சுந்தரம் லீட்சில் நெசவுத் தொழில் படித்துவிட்டு வந்தவர். இந்த ஊரில் சினிமா எடுக்கிறேன் என்று நின்று, 1937இல் ‘சதி அகல்யா’வில் ஆரம்பித்து நூறு படங்களுக்கு மேல் போன ஒரு நிறுவனத்தை நடத்தினார். அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு ரோட்டில் அந்த நுழைவு வளைவு இன்னமும் நிற்கிறது. கல்லூரிக் காலம் முழுக்க அதைத் தாண்டித்தான் பஸ்ஸில் போனேன். ஒரு நாளும் உள்ளே என்ன எடுத்தார்கள் என்று யோசித்ததில்லை.

அப்புறம் அந்த மலைக் காட்சி வந்தது.

பாட்டை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஜி. ராமநாதன் இசை, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. வானொலியில் ராத்திரி நேரத்தில் வரும். எங்கள் தெருவில் அதைப் போட்டுப் பிள்ளைகளைத் தூங்க வைத்தவர்கள்கூட உண்டு. கொலைக்குக் கூட்டிப் போகும் பாட்டு என்பதும் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது ஒன்று, முகங்களோடு சேர்த்துப் பார்ப்பது இன்னொன்று. மாதுரி தேவி முன்னால் ஏறிக்கொண்டே காற்றைப் பற்றிப் பாடுகிறார். மனது பொங்குகிறது என்கிறார். நடராஜன் அதற்குப் பதிலாக, இதைவிடப் பெரிய ஆனந்தம் மேலே இருக்கிறது, வா என்கிறார். அவள் எதைச் சொன்னாலும் அவன் அதை ஒரு படி மேலே தூக்கி வைத்துவிடுகிறான். காற்று என்றால் விண்ணைக் காட்டுகிறான். அமைதி என்றால் முடிவில்லாத மோனம் என்கிறான். ஒரு வார்த்தை பொய் இல்லை! அவன் சொல்வதெல்லாம் நடக்கப்போகிறது. கேட்பவளுக்குத்தான் அது எந்த உலகம் என்று தெரியாது. பாட்டெழுதியவரும் வசனகர்த்தாவும் பார்க்கிறவனைக் கொலைகாரனோடு கூட்டுச் சேர்த்துவிடுகிறார்கள். அவளைத் தவிர அந்த மலையில் எல்லோருக்கும் விஷயம் தெரியும், எனக்கும் சித்திக்கும் சேர்த்து.

பாட்டு நின்றதும் அவன் முகம் மாறுகிறது. விஷயத்தைச் சொல்கிறான். நான் அம்மாயி கணக்கில் ஒரு தந்திரக்காரியை எதிர்பார்த்திருந்தேன். கெஞ்சுவது மாதிரி நடித்து, கண்ணில் ஒரு மின்னல் வெட்டி, தள்ளிவிடப்போகிறாள் என்று. மாதுரி தேவி அப்படி நடிக்கவில்லை. சுற்றி வரும்போது அவர் முகத்தில் உண்மையான துக்கம் இருக்கிறது. தள்ளிவிடப்போகிற ஆளை அவள் நிஜமாகவே கும்பிடுகிறாள் என்று எனக்குப் பட்டது. இரண்டும் ஒரே முகத்தில் இருந்தன: இவன்மேல் வைத்த ஆசையும், இவனை விட்டால் நாடு கெடும் என்ற முடிவும். பின்னால் போய்விட்டாள், அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்டாட்டி தன்னைச் சுற்றி வந்து கும்பிடுவாள் என்பதில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் அவனைக் கொன்றது. ஊர் பழக்கத்தையே ஆயுதமாக்கிவிட்டாள் என்று நான் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சித்தி அந்நேரத்துக்கு எழுந்து காபி போடப் போனார்.

யாரும் சொல்லாத மிச்சம்

அம்மாயி கதை முடிந்த இடத்தில் படம் முடியவில்லை. அதற்கு அப்புறமும் அரசவை இருக்கிறது, விசாரணை இருக்கிறது, ராஜகுருவின் சூழ்ச்சி இன்னும் மிச்சம் இருக்கிறது. நடந்ததை எல்லோர் முன்னாலும் சொல்வதற்கு அமுதவல்லி வருகிறாள். புருசன் கொள்ளைக்காரன், கொன்றது நான்தான் என்று சொல்கிறாள். ராஜகுரு ஆத்திரத்தில் அவளைக் கொன்றுவிடுகிறான். அவன் பிடிபடுகிறான். வீரமோகனுக்கும் இளவரசிக்கும் கல்யாணம். சுபம்.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ‘என்ன சித்தி, செத்துட்டா?’ என்றேன்.

‘பின்ன? புருசனைக் கொன்னவளை அந்தக் காலத்துல எப்படி உசுரோட வுடுவாங்க?’ என்றார் சித்தி, காபித் தம்ளரை என் பக்கம் தள்ளிக்கொண்டே. ‘படத்துலயாவது வுடுவானுங்கன்னு பாத்தியா?’

அவருக்கு அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. மலை உச்சியில் அத்தனை புத்திசாலித்தனமாகத் தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டவளை, அரைமணி நேரம் கழித்து ஒரு கிழட்டு ராஜகுரு கொல்ல வேண்டியதென்ன? படத்துக்குப் பெயரே அவள்தான். கடைசியில் மாலை மாற்றிக்கொள்வது வேறு இரண்டு பேர்.

இந்த எரிச்சலோடுதான் குண்டலகேசியைத் தேடிப் போனேன். கருணாநிதியின் நாடகத்துக்கும் படத்துக்கும் அதுதான் மூலம் என்பது பாடப்புத்தகம் படித்த எல்லோருக்கும் தெரியும். ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்று, நாதகுத்தனார் எழுதியது, 19 பாட்டுத்தான் மிச்சம். கதை முழுசாகக் கிடைப்பது, அந்தக் காப்பியத்தை மறுத்துச் சமணர்கள் எழுதிய நீலகேசியின் உரையில். எதிராளி வீட்டில் பத்திரமாக இருந்த கதை! வணிகர் வீட்டுப் பெண் பத்திரை, காளன் என்ற கள்வனை விரும்பி மணக்கிறாள். ஒரு நாள் ஊடலில் ‘நீ கள்வன்தானே’ என்று சொல்லிவிடுகிறாள். மனதில் வைத்துக்கொண்டு மலைக்குக் கூட்டிப் போகிறான். மூன்று முறை வலம் வருகிறேன் என்கிறாள், தள்ளிவிடுகிறாள். இதுவரை அம்மாயி கதைதான்.

பாலி மொழியில் பௌத்தர்கள் சொல்லும் கதையில் அந்தத் திருடன் ஒரு புரோகிதரின் மகன். இதைப் படித்தபோது ராஜகுருவும் பார்த்திபனும் எங்கிருந்து வந்தார்கள் என்று சட்டென்று புரிந்துபோனது. அந்தக் கதையில் இன்னொன்றும் உண்டு. அவள் தள்ளிவிட்டதைப் பார்த்துக்கொண்டிருந்த மலைத் தெய்வம், எல்லா இடத்திலும் ஆண்தான் அறிவாளி என்றில்லை, பெண்ணும் அறிவாளிதான் என்று பாராட்டுகிறது. அவள் ஊருக்குத் திரும்பவில்லை. துறவியாகிறாள். சமணத்தில் சேரும்போது பிடுங்கிய முடி சுருள் சுருளாக வளர்கிறது. வாதக்கலை கற்றுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறாள். போன ஊரில் மணலைக் குவித்து அதில் ஒரு நாவல் கிளையை நட்டு வைப்பாள். என்னோடு வாதிட யாருக்குத் துணிச்சல் இருக்கிறதோ அவர்கள் இந்தக் கிளையை மிதிக்கலாம் என்று அர்த்தம். கடைசியில் புத்தரின் சீடர் சாரிபுத்தரிடம்தான் தோற்கிறாள், பௌத்தத்துக்கு வருகிறாள்.

நடுத்தெருவில் கிளையை நட்டுவிட்டு எவனாவது வரட்டும் என்று காத்திருக்கும் ஒரு பெண்! புருசனைக் கொன்றதோடு அவள் கதை முடியவில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது. இதை எடுத்துக்கொண்டுதான் 1950இல் அவையில் ஒரு வாக்குமூலம், உடனே ஒரு சாவு என்று சுருக்கினார்கள். அந்த நாவல் கிளைகள் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு அவைப் பேச்சாக நின்றுவிட்டன.

ஏன் என்று எனக்கு ஒருமாதிரி புரிகிறது. படம் வந்தபோது கருணாநிதிக்கு 26 வயது. தி.மு.க. ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவருக்கு வேண்டியது துறவியல்ல, ராஜகுருவின் முகமூடி கிழிவது. ராஜகுரு எவ்வளவு கொடியவன் என்பதை வசனத்தால் நூறு தடவை சொல்வதைவிட, உண்மை பேசிய பெண்ணைச் சபை நடுவே அவன் கொல்வதைக் காட்டினால் கொட்டகையே எழுந்து நிற்கும். நின்றிருக்கும். அரசியல் நாடகமாகப் பார்த்தால் அந்தச் சாவு கச்சிதம். சித்தி சொன்ன காரணமும் அதற்குள்ளேயே இருக்கிறது: புருசனைக் கொன்றவளை ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றால் அவள் தியாகியாகிவிட வேண்டும். செத்தால் சிலை வைக்கலாம், இருந்தால் எங்கே வைப்பது? மூலக் கதையிலும் அவளுக்கு வீடு திரும்பும் வழி இல்லைதான். தலைமுடியைக் கொடுத்துவிட்டுத்தான் உயிரோடு இருந்தாள். அதை மறைத்துவிட்டு அந்தக் காலத்தில் ஆகா ஓகோ என்றிருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் இருந்தாளா இல்லையா? பேசிக்கொண்டு, ஜெயித்துக்கொண்டு, தோற்றுக்கொண்டு இருந்தாள்.

‘இன்றைய கண்ணோடு பழைய படத்தைப் பார்க்காதே’ என்று ஒரு நண்பர் அறிவுரை சொன்னார். முதல்தடவை பார்க்கிறவளுக்கு வேறு எந்தக் கண் இருக்கிறது? அதோடு, நான் ஒப்பிடுவது இன்றைய படத்தோடு இல்லை, அதைவிடப் பல நூற்றாண்டு பழைய கதையோடு.

இதற்கப்புறம் அம்மாயி விஷயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. அம்மாயி அந்தப் படத்தைக் கொட்டகையில் பார்த்தது, சின்ன வயதில். முடிவு மறந்துபோயிருக்கும் என்று அம்மா சொல்கிறார். இருக்கலாம். ஆனால் அது கொலுசுக்கணக்கை வருடம் தள்ளிக்கூட வாயாலேயே சொல்லும் ஆள். ராஜகுரு என்ன நகை போட்டிருந்தான் என்றுகூடச் சொல்லும். எம்.ஜி.ஆரையே கதையிலிருந்து தூக்கிவிட்டதும் மறதியா? கூட உட்கார்ந்து வளையம் கோத்தவர்களில் இப்போது இருக்கும் ஒரு பெரியம்மாவிடம் போய்க் கேட்டேன். ‘கடசீல அமுதவல்லி என்ன ஆனா பெரியம்மா?’ அவர் கொஞ்சம் யோசித்தார். ‘தள்ளி உட்டுட்டு வந்துருவா இல்ல?’ என்றார். எங்கே வருவாள் என்று கேட்டதற்கு, ‘ஊட்டுக்குத்தான். வேற எங்க போவா?’ என்று என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். அவரும் படம் பார்த்தவர்தான்.

ஆக, எனக்கு ஒரு சந்தேகம் உறுதியாகிவிட்டது. அந்தத் திண்ணையில் படத்தின் முடிவை வெட்டி எடுத்துவிட்டார்கள். கூடிப் பேசித் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். ஒருத்தி விட்டாள், இன்னொருத்திக்கும் அது சரியாகப் பட்டது, எங்களுக்குச் சொல்லும்போது கதை மலை உச்சியோடு நின்றுவிட்டது. குண்டலகேசி என்ற பெயரைக்கூடக் கேள்விப்படாத பெண்கள், அவளை மறுபடி உயிரோடு விட்டிருக்கிறார்கள். துறவுகூட இல்லாமல், நேராக வீட்டுக்கு. காப்பியத்துக்கும் துணிச்சல் வராத முடிவு அது.

சித்தியிடம் இதைச் சொன்னபோது, ‘எங்க அம்மா அவ்வளவு யோசிக்கிற ஆளு இல்ல புள்ள’ என்று சிரித்தார். நான் ஒப்புக்கொள்ளவில்லை, வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் அவர் அடுத்த படத்தை முடிவு செய்துவிட்டார்: ‘திகம்பர சாமியார்’. அதே 1950, அதே மாடர்ன் தியேட்டர்ஸ், வேஷத்துக்கு மேல் வேஷமாக நம்பியார். இந்தத் தடவை கதை தெரிந்தவர்கள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, யாரும் நடுவில் காபி போட எழுந்து போகக் கூடாது என்று இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறேன். முதல் நிபந்தனைக்கு மட்டும் சரி என்றிருக்கிறார்.